வீழ்த்திய கணக்கும் தடுத்த கணக்கும்: ஃபாக்லாந்து வான்போர், 1982

போர் விமானங்களை ஒப்பிடுவோர் வேகம், ஏறுதிறன், ஏவுகணையின் வீச்சு ஆகியவற்றை அட்டவணையிட்டு முடிவுக்கு வருவது வழக்கம். பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்துப் போர் இம்முறைக்கு இடம் கொடுப்பதில்லை. ஒலியின் இருமடங்கு வேகம் கொண்ட மிராஜ் 3, டாகர் விமானங்கள் அர்ஜென்டினாவிடம் இருந்தன. பிரிட்டனின் சீ ஹாரியரோ சமதளப் பறப்பில் ஒலிவேகத்தையே எட்டாதது. ஆயினும் சீ ஹாரியர்கள் ஏறத்தாழ இருபது எதிரி விமானங்களை வீழ்த்தின. வான்சண்டையில் ஒன்றைக்கூட இழக்கவில்லை.

இவ்வெற்றிக்கு இரண்டு காரணங்கள் பெரிதும் சொல்லப்படுகின்றன: உந்துவிசையைத் திசைதிருப்பிச் சட்டென வேகம் குறைக்கும் ஹாரியரின் திறன், எதிரியை முன்னிருந்தும் தாக்கவல்ல சைட்வைண்டர் ஏஐஎம்-9எல் ஏவுகணை. இரண்டும் போதுமான விளக்கம் ஆகா. முதல் உத்தி இப்போரின் வான்சண்டைகளில் பயன்படவில்லை. ஏவுகணைகளும் அநேகமாக எதிரியின் பின்புறத்திலிருந்தே ஏவப்பட்டன. பழைய ரகங்களாலும் இயன்ற கோணம் அது. குளிரூட்டப்பட்ட புதிய வெப்ப உணரியின் நுண்மை உதவியது உண்மை. ஆனால், பின்புறம் அத்தனை எளிதாகக் கிடைத்தது ஏன் என்பதே கேள்வி.

விடை எரிபொருளில் இருக்கிறது. அர்ஜென்டினாவின் தளங்கள் ஃபாக்லாந்துத் தீவுகளிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தன. மிராஜும் டாகரும் வானில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள இயலாதவை. வேகம் கூட்டும் பின்னெரிப்பானை இயக்கினால் திரும்பிச் செல்ல எரிபொருள் மிஞ்சாது. எனவே ஒலிமிஞ்சிய வேகம் காகிதத்தோடு நின்றது. அர்ஜென்டினாவின் ஸ்கைஹாக் தாக்குதல் விமானங்கள் வானில் எரிபொருள் பெற்றன. ஆனால் குண்டு சுமந்து தாழப் பறந்த அவற்றிடம் எதிர்த்துப் போரிட ஏவுகணை இல்லை. நின்று போரிட முடியாமல் விலகிச் சென்றவற்றின் பின்புறம் சீ ஹாரியர்களுக்கு எளிதாகக் கிடைத்தது.

ஏவுகணையின் வெற்றி விகிதத்தையும் இவ்வாறே படிக்க வேண்டும். வியட்நாம் போரில் ஏவிய சைட்வைண்டர்களில் ஐந்தில் ஒன்றுகூட இலக்கை வீழ்த்தவில்லை. ஃபாக்லாந்தில் பெரும்பாலானவை வீழ்த்தின. இவ்வேறுபாடு முழுவதையும் தொழில்நுட்ப வளர்ச்சியின் கணக்கில் எழுதுவது பிழை. வியட்நாமின் மிக்-17 போர் விமானம் சண்டையிட வந்து, சட்டெனத் திரும்பித் தப்பியது. ஃபாக்லாந்தில் வீழ்ந்தவற்றில் பெரும்பாலானவை சண்டையைத் தவிர்க்க முயன்ற குண்டுவீச்சு விமானங்கள்.

வீழ்த்திய எண்ணிக்கையே வெற்றியின் அளவும் அன்று. ஜூன் 8 மாலை, ஃபாக்லாந்தின் சுவாசூல் கடல் நுழைவில் இரண்டு சீ ஹாரியர்கள் மூன்று ஸ்கைஹாக்குகளைப் பின்தொடர்ந்து வீழ்த்தின. ஆனால் அதற்குள் அந்த ஸ்கைஹாக்குகள் பிரிட்டனின் தரையிறங்கு படகொன்றைத் தாக்கிவிட்டன. ஆர்டென்ட், ஆன்டிலோப், கோவென்ட்ரி ஆகிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களும் இப்படி ஊடுருவிய விமானங்களின் குண்டுகளாலேயே மூழ்கின. தாழப் பறப்பவற்றைத் தொலைவிலேயே காட்டும் வான்வழி முன்னெச்சரிக்கை ரேடார் பிரிட்டிஷ் கடற்படையிடம் இல்லாததே இதற்கு முக்கியக் காரணம்.

ஆகவே, விமானத்தையும் ஏவுகணையையும் தனித்துப் பிரித்து மதிப்பிடும் ஒப்பீடு, ஒரு போரின் விளைவை விளக்காது. தளத்தின் தொலைவு, எஞ்சிய எரிபொருள், எதிரி வந்த நோக்கம், அவனை முதலில் கண்டது யார் என்ற நான்கையும் சேர்த்துப் பதிந்த பிறகே, வீழ்த்திய கணக்கு சான்றாகும் தகுதி பெறுகிறது.