மேய்ச்சற்காட்டுப் பெரியவர்

பிழைப்பின் பொருட்டு வடபுலம் போந்த தமிழருள் பலர் அமிர்தசரஸ் பொற்கோயிலைக் கண்டு வணங்கியிருப்போம். அதற்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், தட்டா என்னும் சிற்றூரை அடுத்துள்ள 'பீர் பாபா புட்டா' என்னும் குருத்துவாராவைக் கண்டவர் நம்முள் சிலரே. பீர் என்பது மேய்ச்சற்காடு. அக்காட்டில் மாடு மேய்த்தவரே பொற்கோயிலின் முதல் கிரந்தியாக விளங்கினார்.

பாபா புட்டா, 1506இல் கத்து நங்கல் என்ற ஊரில் உழவர் குடியில் தோன்றியவர். ஆநிரை மேய்த்த இளமையில் குரு நானக்கைச் சந்தித்தார். அடுப்பில் சிறு சுள்ளியே முதலில் பற்றுதலைக் கண்டு, இளமையிலும் சாவு வரக்கூடும் என அஞ்சுவதாக அச்சிறுவர் கூறினாராம். அந்த முதிர்ந்த சொல்லை வியந்து குரு வழங்கிய பெயரே 'புட்டா', அதாவது முதியவர் என்பர்.

1539இல் குரு அங்கதர் முதல் 1606இல் குரு அர்கோவிந்தர் ஈறாக, குருமார் ஐவருக்குத் திலகமிட்டு அவர்களைக் குருபீடத்தில் அமர்த்தியவர் இவரே. 1604இல் பொற்கோயிலில் ஆதி கிரந்தம் எழுந்தருளியபோது அதனை ஓதும் பொறுப்பும் இவரிடமே வந்தது. இத்துணைச் சிறப்பு எய்திய பின்னரும், குருவின் சமையற்கூடத்துக்குரிய பசுக்களைக் காக்கும் பணியை அவர் இழிவெனக் கருதவில்லை.

குரு அர்ச்சுனரின் துணைவியார் கங்கை அன்னையார், மகப்பேறு வேண்டி, பரிவாரத்துடனும் பல்சுவை உணவுடனும் ஒருமுறை இங்கு வந்தாராம். பெரியவர் வாழ்த்தவில்லை. மறுமுறை, தம் கையாலேயே மாவரைத்து ரொட்டி சுட்டு, வெங்காயமும் மோரும் சுமந்து, கால்நடையாக வந்தார். முதியவர் மகிழ்ந்துண்டு வாழ்த்தினார். வெங்காயத்தைக் கையால் நசுக்கியவாறே, பிறக்கும் மகன் பகைவரை இவ்வாறு நசுக்குவான் என்றும் மொழிந்ததாகச் சொல்வர். 1595இல் அர்கோவிந்தர் பிறந்தார்.

இது வழிவழி வந்த கதை. எனினும் அந்த உணவு இன்றும் கண்கூடு. கோதுமை மாவும் கடலை மாவும் கலந்து சுட்ட ரொட்டியும் வெங்காயமுமே இங்கு வழங்கும் பிரசாதம். வயலில் உழுபவன் நண்பகலில் உண்பதும் அதுவே. செல்வரும் எளியவரும் கையேந்திப் பெறும்போது, உழைப்பாளியின் உணவே அனைவர்க்கும் பொதுவாகிறது.

1631இல் ராம்தாஸ் என்னும் ஊரில் பாபா புட்டா மறைந்தார். ஆண்டுதோறும் அக்டோபர்த் திங்களில் இம்மேய்ச்சற்காட்டில் பெருவிழா நிகழ்கிறது. பொற்கோயில் காணச் செல்லும் நாம், ஒரு பகற்பொழுதை இவ்வூருக்கும் ஒதுக்குவோமாக. அந்த ரொட்டியைக் கையில் வாங்கும்போது பஞ்சாப் மக்களின் உள்ளம் நமக்கு இன்னும் அணுக்கமாகும்.