தோற்ற தளபதிக்கு ஆளும் பதவி தகுமா?

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் கடலை நோக்கி நிற்கிறது கார்ன்வாலிஸ் கோட்டை. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரான்சிஸ் லைட் அத்தீவைக் கைக்கொண்டு, நிபோங் மரங்களை வேலியாக நாட்டி எழுப்பிய அரணே பின்னர்ச் செங்கற்கோட்டை ஆயிற்று. அதன் பெயருக்கு உரியவரோ அவ்விடத்தில் அடியெடுத்து வைத்ததே இல்லை. அவர் அவ்வாண்டு வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாகப் பதவியேற்ற கார்ன்வாலிஸ் பிரபு. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் தம் படையோடு சரணடைந்தவரும் அவரே.

போர்க்களத்தில் பெயரிழந்த ஒருவரை நாடாளும் பெரும் பதவியில் அமர்த்தலாமா? இது பல நாடுகளிலும் எழுந்த வினா. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் தோற்ற வரலாற்றில் இடம்பெற்ற இருவரை ஒப்பிட்டுப் பார்த்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

முதலாமவர் ஜார்ஜ் சாக்வில் பிரபு. 1759 ஆகஸ்டு 1ஆம் நாள் ஜெர்மனியில் நடந்த மின்டன் போரில் பிரிட்டிஷ் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கியவர். பிரெஞ்சுப் படை நிலைகுலைந்த வேளையில், முன்னேறித் தாக்கும்படி தலைமைத் தளபதி பெர்டினாண்டு இளவரசர் மீண்டும் மீண்டும் ஆள் அனுப்பினார். ஆணை தெளிவாக இல்லை என்று சாக்வில் காலந்தாழ்த்தினார், பகைவர் தப்பினர். 1760இல் கூடிய இராணுவ நீதிமன்றம், எவ்வகைப் படைப்பணிக்கும் அவர் தகுதியற்றவர் என்று தீர்ப்பளித்தது. இரண்டாம் ஜார்ஜ் மன்னர் அத்தீர்ப்பைப் படையினர் அனைவரும் அறியச் செய்து, மன்னர் ஆலோசனை மன்றத்திலிருந்தும் அவர் பெயரை நீக்கினார்.

அம்மன்னர் அவ்வாண்டே இறந்தார். பேரர் மூன்றாம் ஜார்ஜ் காலத்தில் சாக்வில் மெல்ல மெல்ல அரசியலில் மீண்டும் தலையெடுத்தார். 1770இல் ஒரு சொத்துரிமையை ஒட்டி ஜெர்மைன் என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1775இல் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கான அமைச்சர் ஆனார். படை நடத்தத் தகாதவர் என்று தீர்க்கப்பட்டவர் கையிலேயே ஒரு பெரும் போரின் கடிவாளம் வந்து சேர்ந்தது!

1777இல் கனடாவிலிருந்து தெற்கே இறங்கும் பர்கோயின் திட்டத்துக்கும், பிலடெல்பியாவைப் பிடிக்கும் ஹவ் திட்டத்துக்கும் அவர் இசைவு தந்தார்; இரண்டையும் இணைக்கத் தவறினார். உதவியின்றி நின்ற பர்கோயின் அக்டோபர் 17ஆம் நாள் சரடோகாவில் சரணடைந்தார். மறு ஆண்டு பிரான்சும் போரில் குதித்தது. பழி முழுவதும் ஜெர்மைனுடையது அன்று. ஆயினும் 1782இல் அவரைப் பிரபுக்கள் சபைக்கு உயர்த்தியபோது, பழைய தீர்ப்பைச் சுட்டிக்காட்டிச் சில பிரபுக்கள் எதிர்த்தனர். 22 ஆண்டுகள் கழிந்தும் அக்கறை மறையவில்லை.

இரண்டாமவர் கார்ன்வாலிஸ். 1781இல் யார்க்டவுனில் அவரைத் தரையில் வாஷிங்டன் படையும் பிரெஞ்சுப் படையும் சூழ்ந்தன. கடல்வழியைப் பிரெஞ்சுக் கப்பற்படை அடைத்தது. அக்டோபர் 19ஆம் நாள் 7,000க்கு மேற்பட்ட வீரருடன் சரணடைந்தார். உடல்நலமில்லை என்று கூறிச் சரணடையும் நிகழ்ச்சிக்குத் தாம் வராமல் துணைத்தளபதியை அனுப்பியது அவர் பெயருக்கு ஒரு மாசே. எனினும் அவர் கடமையில் தவறியதாக எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை.

இந்தியப் பதவியை அவர் முதலில் மறுத்தார். ஆலோசனைச் சபையின் முடிவை மீறும் அதிகாரத்தைச் சட்டம் வழங்கிய பின்னரே 1786இல் ஏற்றார். கம்பெனி உத்தியோகத்தர் சொந்த வணிகத்தாலும் கையூட்டாலும் பொருள் குவித்து வந்த காலம் அது. அவர் சம்பளத்தை உயர்த்தினார். கலெக்டர்களின் சொந்த வணிகத்தைத் தடுத்தார். தோற்ற தளபதி ஆட்சியைச் சீர்திருத்தியவர் எனப் பெயர் பெற்றார்.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. உயர்பதவிகளிலிருந்து இந்தியரை ஒதுக்கியவரும் அவரே. 1793இல் அவர் நிலைநாட்டிய நிரந்தர நிலவரித் திட்டம் ஜமீன்தாரை நிலவுடைமையாளராக்கி உழவரின் உரிமையைச் சுருக்கியது. 1792இல் மைசூர்ப் போரின் முடிவில் திப்பு சுல்தானின் நாட்டில் பாதி பறிபோயிற்று. அவர் மைந்தர் இருவர் பிணையாக வைக்கப்பட்டனர். தமிழகத்தின் பாராமகாலும் திண்டுக்கல்லும் அப்போதுதான் கம்பெனியின் கைக்குச் சென்றன.

இவற்றால் அறியத் தகுவது யாது? தோல்வி வேறு, தகுதியின்மை வேறு. முன்னது காலத்தாலும் இடத்தாலும் யாருக்கும் நேரக்கூடியது. பின்னது ஆய்ந்து தீர்க்கப்பட்ட குற்றம். தோற்றவர் என்பதற்காக ஒருவரை என்றென்றும் ஒதுக்குதல் முறையன்று. கடமை தவறியவர் எனத் தீர்ப்புப் பெற்றவரை, அத்தீர்ப்பை மீண்டும் ஆராயாமலே, தவறிய அதே துறையின் தலைமையில் வைப்பது நாட்டுக்குக் கேடு. ஒருவரைத் தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தவருக்கு உரிய வினையை ஒப்படைப்பதற்கு மற்றோர் அதிகாரமும் திருவள்ளுவர் வகுத்தது இதனாலன்றோ! ஜெர்மைனை நியமித்தபோது இவ்விரண்டும் மறக்கப்பட்டன.

மற்றொன்றும் உண்டு. கார்ன்வாலிஸ் தகுதியுடையவர் என்று முடிவு செய்தது இலண்டன். அவர் ஆட்சியின் பயனையும் சுமையையும் ஏற்ற வங்காளத்து உழவரை எவரும் கேட்கவில்லை. ஆளப்படுவோருக்கு வாக்குரிமை உள்ள இக்காலத்தில் அவ்வாறு கேளாதிருக்க இயலாது. பெயரிழந்தவரின் பழைய ஏடுகளைத் திறந்து காட்டுவது அரசின் கடமை. படித்துப் பார்த்து முடிவு செய்வது மக்களின் கடமை.

பினாங்குக் கோட்டையைக் காணச் செல்லும் மாணவர்க்கு அதன் சுவரையும் பீரங்கியையும் காட்டுவதோடு, அப்பெயர் யாருடையது, யார் அவருக்கு அப்பெருமையை அளித்தார் என்பதையும் ஆசிரியர் எடுத்துரைத்தல் நலம்.