வீடு தேடி வந்த இரண்டாம் பாகம்: அனிமேஷன் தொடர்ச்சிப் படங்களும் இந்தியக் கலைஞர்களும்

ஆயிரத்தோர் இரவுகளின் கதைகள் சேலத்துக்குப் புதியவை அல்ல. டி.ஆர். சுந்தரம் 1935இல் அங்கே தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைத் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாக வெளியிட்டது. அதைத் திரையரங்கில்தான் பார்த்தாக வேண்டும். ஒரு தலைமுறை கழித்து, சேலத்தின் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற குடியிருப்புகளில் வி.சி.ஆர். வந்த பிறகு, கேசட்டை வாடகைக்கு எடுத்து வந்து வீட்டிலேயே பார்க்க முடிந்தது. திரையரங்கை எட்டிப் பார்க்காமலே வீட்டுக்கு வரும் தொடர்ச்சிப் படம் என்ற வகை, இந்த மாற்றத்தை நம்பிப் பிறந்தது.

அமெரிக்காவில் அதை லாபகரமான தொழிலாக்கியது, 1994 மே மாதம் கேசட்டாக வந்த டிஸ்னியின் 'தி ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்'. 1992இல் வந்த 'அலாவுதீன்' படத்தின் தொடர்ச்சி அது. 'அலாவுதீன்' தொலைக்காட்சித் தொடருக்கான தொடக்க அத்தியாயங்களையே முழுப் படமாக்கினார்கள். ஜீனிக்குக் குரல் கொடுத்த ராபின் வில்லியம்ஸ் அதில் இல்லை. டான் காஸ்டெல்லனெட்டா பேசினார். முதல் படத்தில் பறக்கும் கம்பளத்தைக் கையால் வரைந்து, அதன் பூவேலைப்பாட்டைக் கணினியால் பொருத்தியிருந்தார்கள். அந்தக் கம்பளம் எப்படித் திரும்பினாலும் வேலைப்பாடு அதனோடு சேர்ந்து வளையும். தொலைக்காட்சிச் செலவுக்குள் எடுத்த இரண்டாம் பாகத்தில் அந்த நுணுக்கம் இல்லை. ஆனாலும் கேசட் கோடிக்கணக்கில் விற்றது. 1996இல் மூன்றாம் பாகம் வந்தபோது வில்லியம்ஸும் திரும்பினார். 'லயன் கிங்', 'சிண்ட்ரெல்லா' என வரிசை நீண்டது.

இந்தப் படங்களை விமர்சகர்கள் மட்டமாகவே எடைபோட்டார்கள். கதையைப் பொறுத்தவரை பல நேரம் அது சரிதான். ஆனால் குறைந்த செலவில் படம் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமே வேலையை அமெரிக்காவுக்கு வெளியே கொண்டுபோனது. முதலில் சிட்னிக்கும் ஜப்பானுக்கும், பிறகு இந்தியாவுக்கும். 2000இல் மும்பையின் கிரெஸ்ட் நிறுவனம், 'ஸ்வான் பிரின்சஸ்' படங்களை எடுத்த அமெரிக்க ரிச் அனிமேஷனை வாங்கியது. 2008இல் டிவிடி வட்டாக வந்த டிஸ்னியின் 'டிங்கர் பெல்' படத்தின் கணினி அனிமேஷன் மும்பை பிராணா ஸ்டுடியோஸில் உருவானது. வட்டுக்கென்றே திட்டமிட்டு, பிறகு 2013இல் திரையரங்குக்குப் போன 'பிளேன்ஸ்' படமும் அவர்கள் கைவண்ணமே.

சென்னை வேறு பாதையில் போனது. அங்குள்ள பென்டாமீடியா நிறுவனம், நடிகர்களின் அசைவுகளைப் பதிவுசெய்யும் மோஷன் கேப்சர் முறையிலேயே முழுக்க 'சிந்துபாத்' படத்தை 2000இல் உருவாக்கியது. அதன் 'பாண்டவாஸ்' ஆங்கிலப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. 2003இல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் 'சன் ஆஃப் அலாவுதீன்' வந்தது. அடுத்தவர் படத்துக்குத் தொடர்ச்சி செய்து கொடுக்காமல், பழைய கதைக்கே ஒரு வாரிசை உருவாக்கிய அந்த முயற்சியை நான் பெரிதும் மதிக்கிறேன். அதைத் தாங்கும் சந்தைதான் இங்கே இருக்கவில்லை.

காரணம் வெளிப்படையானது. இங்கே வட்டுச் சந்தையைத் திருட்டு விசிடி பிடித்திருந்தது. 2004இல் தமிழக அரசு வீடியோ திருட்டைக் குண்டர் சட்டத்தின் கீழ் கொண்டுவரும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. அந்த விலையில் புதிதாக ஒரு அனிமேஷன் படத்துக்கு முதல் போட்டு எடுக்க முடியாது. ஆகவே இந்தியாவில் தொடர்ச்சிப் படம் தொலைக்காட்சியில் குடியேறியது. ஹைதராபாத்தின் கிரீன் கோல்டு, 2008இல் போகோ தொலைக்காட்சியில் தொடங்கிய 'சோட்டா பீம்' பாத்திரங்களை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைக்காட்சிப் படங்களை எடுத்தது. தமிழ்க் குழந்தைகள் அவற்றைத் தமிழ்க் குரலிலேயே பார்த்தார்கள். வீட்டிலிருந்து திரையரங்குக்கு என்ற தலைகீழ்ப் பயணமும் 2012இல் சோட்டா பீமின் 'கர்ஸ் ஆஃப் டம்யான்' படத்தோடு நடந்தது.

அமெரிக்காவிலோ, பிக்ஸார் டிஸ்னியோடு இணைந்த பிறகு, டிஸ்னி அனிமேஷனின் தலைமைக்கு வந்த பிக்ஸாரின் ஜான் லாசெட்டர் 2007இல் பழைய படங்களுக்குத் தொடர்ச்சி எடுப்பதை நிறுத்தினார். அந்தத் தொடர்ச்சிப் படங்களை எடுத்துவந்த டிஸ்னிடூன் ஸ்டுடியோஸ் 2018இல் மூடப்பட்டது.

இந்திய அனிமேஷன் வரலாற்றை எழுதுபவர்கள் விருதுப் படங்களோடு நின்றுவிடுகிறார்கள். எத்தனையோ இந்தியக் கலைஞர்கள் தொழில் பழகியது இந்த வட்டுப் படங்களில்தான். அவர்கள் பெயர்கள் படத்தின் கடைசியில் ஓடும் பட்டியலில் இருக்கின்றன. அந்த வட்டுகளைப் போட்டுப் பார்க்கும் கருவிகள் வீடுகளிலிருந்து மறைந்துவருகின்றன. பல்கலைக்கழகக் காட்சித் தொடர்பியல் துறைகள் இப்போதே அந்தப் பட்டியல்களைத் திரட்டிப் பதிவு செய்ய வேண்டும்.