எட்டாம் மாசப் பிள்ளை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் மகளுக்கு 31 வாரத்திலேயே இரட்டைக் குழந்தைகள் பிறந்தது உங்களில் பலருக்குத் தெரியும். 38 நாள் பச்சிளங்குழந்தைகள் ஐ.சி.யூ.வில் இருந்துவிட்டு, போன வாரம் இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

அந்த நாட்களில் ஓர் இரவு மகள் கேட்டாள்: "அம்மா, நான் மாடிப்படி ஏறி இறங்குனதாலதான் இப்படி ஆச்சா?" பார்க்க வந்தவர்களில் யாரோ அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்தக் கேள்வி நம் வீட்டுக்குப் புதிதல்ல. 1966. எனக்கு ஐந்து வயது. அம்மாவுக்கு எட்டாம் மாதத்திலேயே வீட்டில் பிரசவமாகிவிட்டது. ஆண் குழந்தை. பஞ்சில் சுற்றி வைத்திருந்தார்கள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்கூடு உள்ளே போகும். விடும்போது சின்ன முனகல். மறுநாள் விடியுமுன் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. "ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காது. கிணத்துல தண்ணி இறைக்காதேன்னேன், கேட்டாளா?" என்றார் அப்பத்தா. அம்மா கடைசிவரை அதை நம்பிக்கொண்டே இருந்தார்.

அதற்கு மூன்றாண்டு முன்பு, 1963 ஆகஸ்ட் 7 அன்று, அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாகவே ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக். எடை சுமார் 2.1 கிலோ. மூச்சுத் திணறல். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோய், காற்றழுத்தம் கூட்டிய தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 39 மணி நேரம்தான் இருந்தான். உலகத்தின் பெரிய பதவியும் பணமும் பக்கத்தில் நின்றும் பயனில்லை. அவன் அம்மா கிணற்றில் தண்ணீர் இறைக்கவில்லை.

காரணம் நுரையீரலில் இருந்தது. நனைந்த பாலித்தீன் பையின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு பிரிய மறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நுரையீரலின் காற்றறைகளும் ஈரமானவைதான். அவை ஒட்டாமலிருக்க 'சர்ஃபாக்டன்ட்' என்ற வழவழப்பான பொருள் உள்ளே சுரக்கிறது. கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவுக்கு வருகிறது. மூச்சுத் திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அது போதவில்லை என்று மேரி எல்லன் ஏவரி என்ற பெண் மருத்துவர் 1959லேயே, ஜெர் மீட் என்பவருடன் சேர்ந்து எழுதிவிட்டார். காரணம் தெரிந்தது, மருந்துதான் இல்லை.

மருந்து இரண்டு வழியாக வந்தது. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் ஆடுகளை வைத்து ஆராய்ச்சி செய்தார். ஸ்டீராய்டு கொடுத்தபின் குறைமாதத்தில் பிறந்த ஓர் ஆட்டுக்குட்டி, பிழைக்கவே முடியாத நிலையிலும் மூச்சு விட்டது. அதிலிருந்து பிடித்து, தாய்க்குப் பிரசவத்துக்கு முன்பே ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும் என்று 1972ல் ஹோவியுடன் சேர்ந்து நிரூபித்தார். 1980ல் ஜப்பானில் ஃபுஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைப் பத்துக் குழந்தைகளுக்கு மூச்சுக்குழாய் வழியே கொடுத்துப் பலன் கண்டார்.

என் மகளுக்குப் பிரசவத்துக்கு முன் போட்டது அந்த ஊசிதான். 1.2 கிலோ இருந்த சின்னவளுக்கு மூச்சுக்குழாயில் விட்டது அந்த மருந்துதான். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அதே நெஞ்சுக்கூடு, உள்ளே போய் வந்தது. மறுநாளும் இருந்தாள். அதற்கடுத்த நாளும் இருந்தாள்.

பிறகு நர்ஸ் இருவரையும் கங்காரு போல மகளின் நெஞ்சோடு கட்டிவிட்டார். ஒருநாள் மாப்பிள்ளையும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். இது 1978ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய முறை. இல்லாமையில் பிறந்தது, இன்று உலகம் முழுவதும் நடக்கிறது. பெற்றவர்களின் உடம்புச் சூடே போதுமென்றால், அம்மாவிடம் அன்று பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொள் என்று யாராவது சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. அந்த நுரையீரலுக்கு அது மட்டும் போதாது என்பதும் எனக்குத் தெரியும்.

எட்டாம் மாசக் கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய கிரேக்கத்திலும் இதையே நம்பினார்கள். உண்மை நேர்மாறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். குறைப்பிரசவம் பலருக்கு ஏன் நேர்கிறது என்று மருத்துவர்களாலேயே இன்றும் சொல்ல முடிவதில்லை. அதை நாம் ஏன் ஒரு தாயின் தலையில் கட்ட வேண்டும்?

சொந்தங்களே, குழந்தைகளைப் பார்க்க வாருங்கள். கையைக் கழுவிவிட்டு வாருங்கள். "என்ன செஞ்சே?" என்று மட்டும் என் மகளிடம் கேட்காதீர்கள். என் அம்மாவிடம் நாற்பது வருஷம் கேட்டாகிவிட்டது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்