பற்சக்கரப் பெட்டியும் பாதத்தின் திறனும்: பராமரிப்பின் வரலாறு குறித்து

களமசேரியில் பொதுத்துறை நிறுவனமான எச்.எம்.டி. 1960களில் தொடங்கிய ஆலை, கடைசல் இயந்திரங்களுக்குப் பெயர் பெற்றது. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பொறியியல் கல்லூரிப் பட்டறைகளிலும் பயின்ற பலர் எச்.எம்.டி. லேத்தின் முன் நின்றே உலோகத்தைக் கடையக் கற்றனர். அதன் தலைப்பகுதிக்குள் ஒரு கியர்பாக்ஸ் உண்டு. அதைக் கையாளக் கற்பவருக்குத் தொடக்கத்திலேயே சொல்லப்படும் விதி ஒன்று: சுழற்சி முற்றிலும் நின்ற பிறகே நெம்புகோலை நகர்த்த வேண்டும். வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பற்சக்கரங்களைக் கோக்க முயன்றால் பற்கள் அரைபடும். சில வேளை உடையும்.

மோட்டார் வாகனத்தின் சிக்கலும் இதுவே. ஆனால், ஓடும் வண்டியை ஒவ்வொரு கியருக்கும் நிறுத்த இயலாது. ஓட்டத்தின் நடுவே இரு வேகங்களையும் சமப்படுத்துவது யார்? இக்கேள்விக்கான விடை கடந்த நூற்றாண்டில் பலமுறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பராமரிப்பின் பொருளும், அதை அறிந்தவர் யார் என்பதும் சேர்ந்தே மாறின.

முதல் விடை, ஓட்டுநரின் பாதம். 1890களில் பிரான்சின் பனார்-லெவாஸோர் நிறுவனம் நிலைநிறுத்திய நகரும் பற்சக்கர அமைப்பில் வேகத்தைச் சமப்படுத்தும் உறுப்பு எதுவும் இல்லை. கீழ்க் கியருக்கு இறங்க வேண்டுமெனில், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விடுவித்து எஞ்சினின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, மீண்டும் மிதித்துக் கியரைச் சேர்க்க வேண்டும். ‘டபுள் கிளட்ச்’ எனப்பட்ட இவ்வித்தையில் காதே அளவுகோல். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் பேருந்துச் சேவையைத் தொடங்கியபோது, லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து அழைத்துவரப்பட்ட கண்காணிப்பாளர் சால்டர் தாமே முதல் வண்டியை ஓட்டினார். அக்காலக் கனரக வண்டிகளில் கியர்பாக்ஸின் ஆயுளைப் பட்டறைக்கு முன்பே ஓட்டுநரின் கால் தீர்மானித்தது. பெட்டியைப் பிரித்த மெக்கானிக், பல்முனைகள் தேய்ந்திருந்த விதத்தைக் கொண்டே ஓட்டியவரின் பழக்கத்தைக் கணித்துவிடுவார்.

இரண்டாம் விடை, ஓர் உலோக வளையம். ஏர்ல் தாம்சன் என்னும் பொறியாளர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ் அமைப்பு 1928இல் கேடிலாக் கார்களில் அறிமுகமானது. பின்னாளில் பரவலான வடிவத்தில், பற்கள் கோப்பதற்கு முன்பு கூம்பு வடிவப் பித்தளை வளையம் ஒன்று உரசி இரு வேகங்களையும் ஒன்றாக்குகிறது. இந்தியாவில் இவ்வசதி தவணை முறையில்தான் வந்தது. 1957இல் வெளிவந்த அம்பாசடரிலும் ஃபியட் 1100 வகைக் கார்களிலும் மேல் கியர்களுக்கு மட்டுமே சிங்க்ரோ இருந்தது. முதல் கியருக்கு வண்டி நிற்க வேண்டும். அல்லது பழைய வித்தை தெரிந்திருக்க வேண்டும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இல் எல்லா முன்னோக்குக் கியர்களுக்கும் சிங்க்ரோ இருந்தது. பாதத்தின் திறன் பித்தளைக்குள் குடியேறியது.

இந்த இடமாற்றத்தால் பராமரிப்பின் மையம் எண்ணெய்க்கு நகர்ந்தது. 1920களின் பிற்பகுதியில் பின் அச்சில் புகுந்த ஹைப்பாய்டு பற்சக்கரங்கள் கடும் அழுத்தத்தில் வழுக்கி உரசுபவை. அவற்றைக் காக்கக் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த எண்ணெய்கள் தேவைப்பட்டன. எஃகைக் காக்கும் அதே கந்தகம், வெப்பம் மிகும்போது பித்தளையை அரிக்கக்கூடும். பித்தளை வளையமோ உரசினால்தான் பணி செய்யும். அளவுக்கு மீறிய வழுக்கலும் அதற்குக் கேடு. ஆகவே, கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.-4, ஹைப்பாய்டு அச்சுக்கு ஜி.எல்.-5 என்னும் தரப் பிரிவினை முக்கியமாயிற்று. பட்டறை வழக்கில் இரண்டும் ‘90 ஆயில்’தான். அப்பெயர் பாகுத்தன்மையைச் சொல்கிறதேயன்றி வேதியியலைச் சொல்வதில்லை. தவறான எண்ணெய் ஊற்றப்பட்ட பெட்டி உடனே பழுதாவதில்லை. பல மாதங்கள் கழித்துக் கியர் விழும்போது கரகரக்கத் தொடங்கும். அப்போது பழி ஓட்டுநர் மீது விழும்.

தானியங்கிக் கியர்பாக்ஸின் எண்ணெய்க்கு இன்னும் வியப்பான வரலாறு உண்டு. அமெரிக்காவில் அதன் உராய்வுத் தன்மையைச் சீர்படுத்த எண்ணெய்த் திமிங்கிலத்தின் கொழுப்பு நெடுங்காலம் சேர்க்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அத்திமிங்கிலம் சட்டப் பாதுகாப்புக்குள் வந்த பிறகு மாற்றுப் பொருள்கள் தேடப்பட்டன. கார் பராமரிப்பும் ஆழ்கடல் உயிரியலும் ஒரே ஆவணத்தில் சந்திக்கும் இடம் இது. இந்தியாவிலோ 2014இல் மாருதி செலேரியோ வழியாகப் பரவலான ஏ.எம்.டி. வேறு பாதையைத் தேர்ந்தது. உள்ளே இருப்பது பழைய கைக்கியர் பெட்டியே. மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஹைட்ராலிக் கருவி கிளட்சை அழுத்துகிறது, கியரையும் மாற்றுகிறது. ஓட்டுநரின் காலும் கையும் செய்த வேலை அப்படியே இயந்திரத்துக்குப் பெயர்ந்திருக்கிறது.

தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே பெரிதும் எழுதப்படுகிறது என்பதும், பயன்பாட்டையும் பழுதுபார்ப்பையும் அது கவனிக்கத் தவறுகிறது என்பதும் பிரித்தானிய வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்டன் 2006இல் வெளிவந்த தமது நூலில் முன்வைத்த வாதம். கியர்பாக்ஸ் அதற்குத் தக்க சான்று. தாம்சனின் பெயர் பதிவாகியுள்ளது. உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் புதியதை லேத்தில் கடைந்து பொருத்தியவர்களின் அறிவு ஏட்டில் ஏறவில்லை. ‘ஆயுள் முழுதும் எண்ணெய் மாற்ற வேண்டாம்’ என்னும் விளம்பர வாசகம் பரவும் காலத்தில் அவ்வறிவு மேலும் பார்வையிலிருந்து மறைகிறது.

ஆனால் தேவை மறையவில்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாற்றின் நீர் ஆலுவா, களமசேரிப் பகுதிகளுக்குள் புகுந்தது. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் கியர்பாக்ஸுக்குள் காற்றுத்துளை வழியே நீர் நுழைந்துவிடும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறமாகும். உடனே வடித்து மாற்றாவிடில் பேரிங்குகள் துருப்பிடிக்கும். மற்ற நாள்களிலும் வடித்த எண்ணெயே வாசிக்கத்தக்க ஆவணம். காந்தத் திருகில் படியும் சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். பொன்னிறத் துகள் மின்னினால் சிங்க்ரோ வளையம் கரைகிறது. விரல்களுக்கிடையே கூரிய எஃகுச் சில்லு தட்டுப்பட்டால் பல் உடைந்திருக்கிறது. இந்த வாசிப்பைக் கற்றவர்களிடம் கேட்டுப் பதிவு செய்வது, தென்னிந்தியத் தொழில்நுட்ப வரலாற்றில் இன்னும் பெரிதும் எஞ்சியிருக்கும் பணி.