பூனையும் துப்பறியும் கதையும்

பட்டுத் தறி ஓடும் வீட்டில் பூனைக்கு ஓர் உத்தியோகம் உண்டு. கஞ்சி தோய்ந்த பாவை எலி கடிக்கும். எலியைப் பூனை பிடிக்கும். ஆகவே, ஆரணியில் நான் பிறந்து வளர்ந்த தெருவில் பூனையை விரட்டுவார் எவருமிலர். எங்கள் வீட்டிலும் ஒரு பூனை இருந்தது. அதன் பொருட்டு ஒருமுறை எங்கள் வீட்டில் ஒரு வழக்கே எழுந்தது. அதனைச் சொல்லித் தொடங்கி, தமிழில் துப்பறியும் கதை வளர்ந்த வரலாற்றைச் சிறிது எடுத்துரைக்கக் கருதுகிறேன். பூனைக்கும் இலக்கிய வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். தொடர்பு உண்டு, சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன்.

அப்போது எனக்கு வயது ஒன்பதோ பத்தோ இருக்கும். ஒரு முகூர்த்தப் புடவை தறியில் முக்கால் பங்கு முடிந்திருந்தது. முந்தானைக்கென்று எடுத்து வைத்திருந்த ஜரிகைத் தார் ஒன்று காணாமற் போயிற்று. ஜரிகை என்றால் வெள்ளியும் பொன்னும் ஏறிய பொருள். கூலிக்கு நெய்யும் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பன்று. தறியில் துணைக்கு அமரும் சிறுவன் ஒருவன் இருந்தான். தந்தையில்லாத பிள்ளை. அவன்மேல் ஐயம் விழுந்தது. ஐயம் விழுவதற்குக் காரணம் வேண்டுமா? அவன் ஏழை, வெளியிலிருந்து வந்து போகிறவன், அவ்வளவே காரணம். மறுநாள் முதல் அவன் வரவேண்டியதில்லை என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். என் பாட்டியார் மட்டும், "பிள்ளையைக் கேட்பதற்கு முன்னே வீட்டைக் கேளுங்கள்" என்றார்.

வீட்டைக் கேட்பதாவது யாது? தார் வைத்திருந்த இடத்தின் அருகே தரையில் ஓர் இழை கிடந்தது. அதன் வழியே பாட்டியார் சென்றார். இழை அடுப்பங்கரையைக் கடந்தது. ஏணிக்காலில் ஒருமுறை சுற்றிக்கொண்டு பரண்மேல் ஏறிற்று. பரணில் எங்கள் பூனை மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. குட்டிகள் உருட்டி விளையாடிக் குலைத்த ஜரிகைத் தார் அங்கே கிடந்தது. வீடே சிரித்தது. அந்தச் சிறுவன் மட்டும் சிரிக்கவில்லை. சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தான். அவன் அழுததை நான் இன்றும் மறந்தேனில்லை.

இத்தகைய திறம் பாட்டியாருக்கு எங்கிருந்து வந்தது? அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் விளக்கு வைத்த பின்னர் எங்கள் திண்ணையில் பழைய நாவல்களை ஒருவர் உரக்கப் படிப்பார். தெருவே அமர்ந்து கேட்கும். மூலையில் தார் சுற்றியவாறே பாட்டியாரும் கேட்பார். அந்த நாவல்களுட் பல எங்கள் ஊர்ப் பெயரையே தம் ஆசிரியர் பெயரில் தாங்கியவை. அவரைப் பற்றிச் சொல்லுமுன், அவருக்கும் முற்பட்ட ஒரு பூனை வழக்கைச் சொல்ல வேண்டும்.

மரியாதைராமன் கதைகளை அறியாத தமிழர் இல்லை. பஞ்சு வணிகர் நால்வர் கூட்டாக வாணிகம் செய்தனர். பஞ்சுப் பொதிகளை எலி அழிப்பது கண்டு, பொதுப்பணத்தில் ஒரு பூனை வாங்கி, காலுக்கு ஒருவராகப் பங்கு பிரித்துக்கொண்டனர். ஒருநாள் பூனையின் ஒரு காலில் காயம் பட்டது. அக்காலுக்கு உரியவர் எண்ணெய்த் துணியைச் சுற்றிக் கட்டினார். பூனை அடுப்பருகே சென்றது, துணியில் தீப்பற்றிக்கொண்டது, பூனை அஞ்சிப் பஞ்சுக் கிடங்கினுள் ஓட, பொதியெல்லாம் சாம்பலாயின. மற்ற மூவரும் நாலாமவர்மீது வழக்குத் தொடுத்தனர். மரியாதைராமன் என்ன தீர்ப்பளித்தான்? காயம்பட்ட காலால் பூனை ஓடியிருக்க இயலாது. நல்ல கால்கள் மூன்றும் சுமந்து சென்றதனாலேயே தீ பரவிற்று. ஆகவே அம்மூன்று கால்களுக்கு உரியவர்களே நாலாமவருக்கு நட்டம் ஈடு செய்ய வேண்டும் என்றான்.

இதனை நகைச்சுவைக் கதை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆயினும், மூவர் கூடி ஒருவர்மேல் பழி சுமத்தும்போது, எதிர்ப்பட்ட பொருளைக் கூர்ந்து நோக்கி அவ்வொருவரை விடுவிப்பதே இக்கதையின் உயிர் என்பதை நாம் மறக்கலாகாது. துப்பறியும் கதை என்று பின்னாளில் பெயர் பெற்ற இலக்கியத்தின் வித்து இதுவே என்பது என் கருத்து.

இதற்கு மறுபக்கமும் நம் இலக்கியத்தில் உண்டு. சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். அரண்மனையில் ஒரு சிலம்பு களவு போகிறது. களவாடிய பொற்கொல்லனே கோவலனைக் கள்வன் என்று காட்டுகிறான். பாண்டியன் ஆராயவில்லை. சிலம்பை உடைத்துப் பார்த்தால் உள்ளிருப்பது முத்தா மாணிக்கமா என்று ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அந்த ஆராய்ச்சியைக் கண்ணகி செய்தாள். ஆனால் கோவலன் இறந்த பின்னர்ச் செய்தாள். காலம் கடந்த துப்பு ஒரு நகரையே எரித்தது. காலத்தில் கிடைத்த துப்போ, மரியாதைராமன் கதையில், ஒரு வணிகரைக் காத்தது. ஒன்று பெருங்காப்பியம், மற்றொன்று திண்ணைக் கதை. இரண்டும் வற்புறுத்தும் நீதி ஒன்றே.

இனி அச்சேறிய கதைகளுக்கு வருவோம். மேலைநாட்டில் 1841-ஆம் ஆண்டு எட்கர் ஆலன் போ என்னும் அமெரிக்க எழுத்தாளர் துய்ப்பன் என்னும் துப்பறிவாளரைப் படைத்தார். அவரே 1843-இல் ஒரு கருப்புப் பூனையின் கதையையும் எழுதினார். மனைவியைக் கொன்று நிலவறைச் சுவருக்குள் மறைத்தவன், தன்னை அறியாமல் பூனையையும் உடன்வைத்துப் பூசிவிடுகிறான். சோதனையிட வந்த காவலர் முன்னே சுவருக்குள்ளிருந்து பூனை கத்தி அவனைக் காட்டிக் கொடுக்கிறது. பூனை சாட்சியாக வந்த கதைகளுள் மிகக் கொடியது இது. பின்னர் 1887-இல் கானன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸை உலகுக்கு அறிமுகம் செய்தார்.

தமிழுக்கு இக்கலை வருவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. ச. ம. நடேச சாஸ்திரியார் 1894-இல் 'தானவன்' என்னும் போலீஸ் நிபுணனின் கதைகளை வெளியிட்டார். தமிழில் அச்சான துப்பறியும் கதைகளுள் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. இதில் நாம் கருதத்தக்க செய்தி யாதெனில், தென்னாட்டு நாடோடிக் கதைகளைத் தேடித் தொகுத்து அச்சேற்றிய பெருமகனாரும் இதே நடேச சாஸ்திரியாரே. பாட்டி கதையையும் போலீஸ் கதையையும் ஒரே கை எழுதிற்று.

அவருக்குப் பின் வந்தவரே எங்கள் ஊரின் ஆரணி குப்புசாமி முதலியார். 1915-இல் சென்னையில் தோன்றிய 'ஆனந்தபோதினி' என்னும் திங்களிதழின் ஆசிரியராக விளங்கியவர், 1925-இல் மறைந்தவர். எழுபதுக்கும் மேற்பட்ட நாவல்களை அவர் எழுதினார். ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில நாவலாசிரியரின் கதைகளைத் தழுவியவை அவற்றுட் பல. பல பாகங்களாக நீண்ட 'இரத்தினபுரி இரகசியம்' அந்நாளில் வீடுதோறும் பேசப்பட்டது. ஹோம்ஸின் சாயலில் ஆனந்தசிங் என்னும் துப்பறிவாளரை அவர் தமிழில் உலவவிட்டார். இலண்டன் மூடுபனியில் நடந்த கதை நம் நாட்டு வெயிலில் நடப்பதாயிற்று.

இவருடன் ஒரே காலத்தில் ஜே. ஆர். ரங்கராஜு 1908-இல் 'இராஜாம்பாள்' எழுதித் துப்பறியும் கோவிந்தனைப் புகழ்பெறச் செய்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார். அச்சாமியார் 1950-இல் திரைப்படத்திலும் தோன்றினார்.

இந்நாவல்களைப் படித்த பெரியோர் பலர் முகம் சுளித்தனர். தழுவல் என்றனர், மலிவு என்றனர், இளைஞரைக் கெடுக்கும் என்றனர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தற்செயல் நிகழ்ச்சிகளும் ஆள்மாறாட்டமும் பல கதைகளில் அளவு மீறியே வருகின்றன. ஆனால் எழுத்தறிவு மிகக் குறைந்திருந்த காலத்தில், அடுத்து என்ன ஆயிற்று என்னும் ஆவலையூட்டி, பெண்டிரையும் தொழிலாளரையும் அச்செழுத்தின் பக்கம் இழுத்து வந்தவை எவை? இவையல்லவா? ஒருவர் படிக்க இருபதின்மர் கேட்ட திண்ணைகளை நான் கண்டிருக்கிறேன். கேட்டவர்கள் கதையை மட்டும் கேட்கவில்லை. கண்ணால் கண்டதை எண்ணிப் பார்ப்பது எப்படி, முதலில் ஐயம் விழுந்தவனே குற்றவாளி என்று துணியாமலிருப்பது எப்படி என்பதையும் அவர்கள் கேட்டார்கள். என் பாட்டியார் இழையைப் பின்பற்றிச் சென்றது அந்தத் திண்ணையில் கற்ற பாடமே.

இக்கதைகளில் இரத்தமும் சதியும் மிகுந்திருந்த நிலையை மாற்றி, சிரிப்பைக் கொண்டுவந்த பெருமை தேவனைச் சாரும். 1913-இல் பிறந்து 1957-இல் மறைந்த ஆர். மகாதேவனே அவர். ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'துப்பறியும் சாம்பு'வை நினைத்தாலே முகம் மலர்கிறது. சாம்பு பேங்கு குமாஸ்தாவாக இருந்து வேலையிழந்தவன்; அறிவாளியல்லன். எங்கோ தடுக்கி விழுவான். விழுந்த இடத்தில் களவுப் பொருள் இருக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்து நிற்பார். மனைவி வேம்புவுக்குப் பெருமை தாங்காது. தமிழ் வாசகர் துப்பறிவாளனைக் கண்டு அஞ்சாமல் நகைக்கக் கற்றது சாம்புவிடமே.

மேலைநாட்டிலும் இதுபோன்ற மென்மை வளர்ந்தது. அகதா கிறிஸ்டி 1930-இல் வெளியிட்ட நாவலில் மிஸ் மார்ப்பிள் என்னும் முதியவள், பின்னல் வேலை செய்துகொண்டே தன் சிற்றூரின் மர்மத்தை அவிழ்த்தாள். 1966-இல் லிலியன் ஜாக்ஸன் பிரௌன் என்னும் அமெரிக்க அம்மையார் பூனையையே துணைத் துப்பறிவாளராக்கினார். கோக்கோ, யம் யம் என்னும் இரு சயாமியப் பூனைகளும் ஒரு பத்திரிகையாளரும் வரும் அவ்வரிசையில் 2007 வரை 29 நாவல்கள் வெளிவந்தன. கோக்கோ பேசாது, அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தள்ளிவிடும், அதில் துப்பு இருக்கும். 1978-இல் ஜப்பானிய எழுத்தாளர் அக்காகவா ஜிரோ, மூவண்ணப் பூனை ஒன்றுக்கு ஹோம்ஸ் என்றே பெயரிட்டு, இரத்தத்தைக் கண்டால் நடுங்கும் காவலர் ஒருவருக்குத் துணையாக்கினார். அறிந்து செய்தாலும் அறியாமற் செய்தாலும் வழக்கு முடிகிறது என்ற அளவில், இப்பூனைகள் நம் சாம்புவுக்கு உறவினரே எனலாம்.

இக்கதைகள் பெரும்பாலும் சிற்றூரில் நிகழ்வதேன்? பெருநகரில் குற்றவாளி பிடிபட்டதும் கதை முடிந்துவிடுகிறது. சிற்றூரில் முடிவதில்லை. ஐயுற்றவரும் ஐயுறப்பட்டவரும் மறுநாள் காலையில் ஒரே கிணற்றில் நீரிறைக்க வேண்டும். ஒரே தெருவில் பாவு நீட்ட வேண்டும். ஆகவே அங்கே துப்பறிவதன் பயன் குற்றவாளியைத் தண்டிப்பது மட்டுமன்று. குற்றமற்றவர் தலைநிமிர்ந்து நடக்க இடம் செய்வதுமாகும். பூனையும் பின்னல் வேலையும் சமையலும் அக்கதைகளில் வருவது வெறும் அலங்காரமன்று. சேர்ந்து வாழும் வாழ்வின் அடையாளங்கள் அவை.

இன்று ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுப் பெயரோடு விளங்குகிறது. ஆரணி என்றால் பட்டு என்பதை யாவரும் அறிவர். ஆரணி என்றால் ஆனந்தசிங்கும் ஆவார் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அறியார். பழைய வெகுசன நாவல்களை ஏளனம் செய்யாமல் சேர்த்து வைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா போன்றோரின் உழைப்பினால், அத்தகைய நூல்கள் பல சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் காக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஊரும் தன் எழுத்தாளரைத் தானே தேடிப் படித்தல் நன்று. எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் குப்புசாமி முதலியாருக்கென்று ஓர் அலமாரி அமையுமாயின் அது பெருமையன்று, கடமை.

இளம் எழுத்தாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தறியோசை கேட்கும் ஒரு தெரு, திண்ணையில் ஒரு பாட்டி, பரணில் ஒரு பூனை: இவை போதும், ஒரு கதை வரிசையே எழுதலாம். கொலை வேண்டியதில்லை. காணாமற்போன ஒரு ஜரிகைத் தார் போதும்.

இறுதியாக அந்தச் சிறுவனைப் பற்றி ஒரு சொல். அன்று மாலையே என் தந்தையார் அவன் வீட்டுக்குச் சென்று அவனுடைய தாயாரிடம் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் அவன் வந்தான்; தறியில் அமர்ந்தான்; அந்த முகூர்த்தப் புடவை அவன் துணையோடுதான் முடிந்தது. பின்னாளில் அவனுக்குச் சொந்தத் தறி அமைந்தபோது, எங்கள் வீட்டிலிருந்து அவன் கேட்டு வாங்கிச் சென்றது ஒரு பூனைக்குட்டியைத்தான்.