தூங்குமூஞ்சி என்று யாரைச் சொன்னோம்?

"பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது" என்பது நம் பாட்டிமார் வாயில் எப்போதும் புழங்கிய பழமொழி. பசியையும் தூக்கத்தையும் அவர்கள் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னார்கள். இரண்டுக்கும் உள்ள உறவை விஞ்ஞானம் கண்டுபிடிக்க வெகுகாலம் ஆயிற்று. அந்த வரலாற்றைத்தான் இந்த மலரில் சொல்ல விரும்புகிறேன். ஆனால் அதைத் தொடங்க வேண்டிய இடம் ஆராய்ச்சிக்கூடம் அல்ல, நம்முடைய தோட்டத்து லயம்.

பெரட்டு மணி

பேராக்கில் 1877-ஆம் ஆண்டில் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் சில பத்தாண்டுகளில் காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. பால்மரத்துக்கு ஒரு குணம் உண்டு. வெயில் ஏறுமுன், மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும் வேளையில்தான் பால் நன்றாக வடியும். ஆகவே மரத்தின் நேரமே மனிதனின் நேரமாயிற்று. இருட்டோடு இருட்டாக மணி அடிக்கும். "எந்திரி, எந்திரி! பெரட்டுக்கு நேரமாச்சு!" என்ற குரல் லயம் முழுதும் கேட்கும். கைக்குழந்தைகள் தூக்கம் கலையாமலே ஆயாக்கொட்டகைக்குப் போவார்கள். பெரிய பிள்ளைகள் அம்மாவுக்கு ஒத்தாசையாக மங்கு துடைக்கவும் ஒட்டுப்பால் எடுக்கவும் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள்.

நான் படித்த தோட்டப் பள்ளியில் ஒருவன் இருந்தான். முதல் பாடம் முடியுமுன்பே தலை தொங்கிவிடும். "டேய் தூங்குமூஞ்சி! ஏறி நில்லுடா பெஞ்சுமேல!" என்று வாத்தியார் சத்தம் போடுவார். வகுப்பே சிரிக்கும். சிரித்தவர்களில் நானும் ஒருவன். விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்து, வெறும் கோப்பியைக் குடித்துவிட்டு வந்த பிள்ளை அவன் என்பது பிறகுதான் தெரிந்தது. ஆறாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. "மந்தப் புத்தி" என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அந்த முடிவு சரிதானா?

ஐந்து மணி மரம்

தூங்குமூஞ்சி என்பது ஒரு மரத்தின் பெயரும்கூட. 1880-இல் உருவான தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போனவர்கள், தண்ணீரைத் தொடுவதுபோல் கிளை தாழ்த்தி நிற்கும் அந்தப் பெருமரங்களைக் கண்டிருப்பார்கள். மாலையானால் அவற்றின் இலைகள் கூம்பிவிடும். அதனால் மலாய்க்காரர்கள் அதனைப் 'புக்குல் லீமா', அதாவது 'ஐந்து மணி' என்று அழைத்தார்கள். நம் வீட்டோரத்துத் தொட்டாற்சிணுங்கியும் இரவில் இப்படித்தான் ஒடுங்கும்.

1729-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வானியலறிஞர் தெ மெய்ரான் இப்படி ஒரு செடியை வெளிச்சம் படாத இடத்தில் வைத்துப் பார்த்தார். என்ன ஆச்சரியம்! சூரியனையே காணாமல் அச்செடி பகலில் விரிந்தது, இரவில் ஒடுங்கியது. உயிருக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு முதல் சாட்சி அதுதான். பிற்காலத்தில் அக்கடிகாரத்தின் மரபணுக்களையும் அவை வேலை செய்யும் விதத்தையும் பழ ஈக்களில் ஆராய்ந்த மூன்று அமெரிக்க அறிஞர்கள் 2017-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

குகைக்குள் ஒரு கடிகாரம்

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளை நாம் அறிவோம். கோப்பெங் அருகேயுள்ள தெம்புருங் குகை போன்ற இடங்களில் வௌவால்கள் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கி உறங்கும். அந்தி சாய்ந்ததும் இரை தேடப் புறப்படும். பூந்தேன் உண்ணும் குகை வௌவால்கள்தாம் இரவில் டுரியான் பூக்களுக்கு மகரந்தம் சுமப்பவை. அவை நேரம் தவறினால் நமக்கு டுரியான் ஏது?

இருண்ட குகைக்குள் இருப்பவற்றுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? இக்கேள்விக்கு விடை தேடியவர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன். ஜெர்மனியில் எர்வின் பியூனிங் என்ற மேதையிடம் ஆராய்ச்சி செய்து திரும்பியவர் இவர். மாரிமுத்து, ராஜன் ஆகியோருடன் சேர்ந்து, இலைமூக்கு வௌவால்களைக் கூண்டில் அடைத்துக் குகையின் இருட்டுக்குள்ளேயே வைத்துச் சோதித்தார். கூட்டத்தார் அந்தியில் வெளியேறி விடியலில் திரும்பும் சந்தடியைக் கொண்டே கூண்டுப் பறவைகள்போல் அடைபட்டிருந்த அவையும் நேரத்தைச் சரிசெய்துகொண்டன. துணையில்லாத குகையில் தனியே விட்டபோதோ, அவற்றின் நேரம் நாளுக்கு நாள் விலகிச் சென்றது. இந்த ஆய்வு 1981-இல் வெளிவந்தது. ஊரோடு ஒத்து வாழ் என்பது வௌவாலுக்கும் பொருந்துகிறது!

மூளையில் பக்கத்து வீட்டார்

இனி, பசிக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவுக்கு வருவோம். 1917-இல் வியன்னா நகரத்து மருத்துவர் வான் எக்கனாமோ ஒரு விசித்திரமான மூளைக் காய்ச்சலை விவரித்தார். நோய் கண்ட சிலர் ஓயாமல் தூங்கினார்கள். வேறு சிலருக்குத் தூக்கமே வரவில்லை. இறந்தவர்களின் மூளையைச் சோதித்த அவர், மூளையின் அடிப்புறத்தில் ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியைச் சார்ந்த இடங்களில்தான் தூக்கமும் விழிப்பும் ஆளப்படுகின்றன என்று கூறினார்.

1951-இல் அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் இந்தியரான டாக்டர் பி. கே. ஆனந்த், ப்ரோபெக் என்பவருடன் சேர்ந்து எலிகளை ஆராய்ந்தார். அதே ஹைப்போதலாமசின் இரு பக்கங்களிலும் ஒரு சிறு இடம் சேதப்பட்டால், கண்ணெதிரே உணவு இருந்தும் எலி தின்னாமல் பட்டினி கிடந்தே மாண்டது. பசியின் இருப்பிடம் தெரிந்தது! ஆனந்த் பின்னர் டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் உடலியல் துறையை வளர்த்தவர்.

இந்த இரண்டு கதைகளும் 1998-இல் ஒன்றாயின. அந்தப் பசிப் பகுதியிலுள்ள நரம்பணுக்கள் சுரக்கும் ஒரு பொருளை இரண்டு குழுவினர் தனித்தனியே கண்டார்கள். எலிக்கு அதைக் கொடுத்தபோது அது அதிகம் தின்றதால், பசியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ஒரு குழுவினர் 'ஒரெக்ஸின்' என்று பெயரிட்டார்கள். மறு ஆண்டே இன்னொரு உண்மை வெளிப்பட்டது. அப்பொருள் இல்லாத எலிகள் விழித்திருக்கும்போதே திடீர் திடீரென்று தூக்கத்தில் விழுந்தன! பசியைத் தூண்டும் பொருளே விழிப்பையும் தாங்கி நிற்கிறது. பசித்த எலி தூங்காமல் இரை தேடி அலைவது இதனால்தான். பாட்டிமார் சொன்ன பழமொழிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

யானைக்கு இரண்டு மணி

எந்த உயிருக்கு எவ்வளவு தூக்கம் என்பதில் உணவுக்கும் ஒரு பங்கு உண்டு. நாள் முழுதும் தழை தின்றாலன்றி வயிறு நிறையாத காட்டு யானை, போட்ஸ்வானாவில் 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரமே உறங்கியது. கொஞ்ச நேரத்தில் பூச்சிகளை வேட்டையாடி முடிக்கும் ஒருவகைச் சிறு வௌவாலோ ஏறக்குறைய 20 மணி நேரம் உறங்குகிறது. மூளையே இல்லாத ஒரு ஜெல்லி மீனும் இரவில் உறங்குகிறது என்று அதே 2017-இல் கண்டார்கள். இரவில் தூங்கவிடாமல் தொந்தரவு செய்தால், மறுநாள் அது சோர்ந்து கிடந்ததாம். தூக்கம் மூளைக்கும் மூத்தது போலும்! சோம்பல் என்று சொல்லி ஒதுக்கக்கூடிய பழக்கமா அது?

திரும்பிப் பார்க்கும்போது

இப்போது அந்தப் பெஞ்சின்மேல் நின்ற பையனிடம் வருவோம். ஆயிரமாயிரம் தலைமுறையாக வந்த இரண்டு தேவைகளும் அவனுக்குக் குறைந்திருந்தன. குறை அவன் புத்தியில் இல்லை. வயிறு காய்ந்த பிள்ளையின் மண்டையில் பாடம் ஏறாது என்பதை நம்மவர்கள் முன்பே உணர்ந்திருந்தார்கள். சென்னை மாநகராட்சிப் பள்ளியொன்றில் 1920-இல் மதிய உணவு தொடங்கியது. காமராசர் 1956-இல் அதைப் பரப்பினார். எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக விரித்தார். 2022-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. பசிக்குத் திட்டம் வந்தது. தூக்கத்துக்கு?

பெரட்டு மணி ஓய்ந்துவிட்டது. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது, சில இடங்களில் தாமான் வீடுகள் நிற்கின்றன. ஆனால் பிள்ளைகள் இன்னும் இருட்டில்தான் எழுகிறார்கள். 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. கடிகாரத்தைத் தள்ளினோம், சூரியனைத் தள்ள முடியுமா? வருடத் தொடக்கத்தில் ஈப்போவில் சூரியன் தலைகாட்ட ஏழேகாலைத் தாண்டிவிடுகிறது. அதற்குள் பிள்ளை பள்ளிக்கு வந்தாக வேண்டும். பழைய தோட்டப்புறங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை இன்னும் முன்னதாக எழ வேண்டும். இரவிலோ கைப்பேசியின் வெளிச்சம் பதினொரு மணி வரை கண்ணில் அடிக்கிறது. அன்று வறுமை பறித்த தூக்கத்தை இன்று நாமே பறிகொடுக்கிறோம்.

அன்புள்ள பெற்றோர்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் செல்வங்களை மனமார வாழ்த்துவோம். மேடை ஏறாத பிள்ளையையும் நினைப்போம். ஒன்பது மணிக்கு விளக்கை அணையுங்கள். வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். வகுப்பில் ஒரு தலை தொங்கினால், 'தூங்குமூஞ்சி' என்று சொல்லுமுன் கிட்டே போய் இரண்டு வார்த்தை கேளுங்கள்: "பசியாறிட்டியாப்பா? ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தே?"

அன்று அவனை யாராவது அப்படிக் கேட்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் கேட்டிருக்கலாம்.